ஆறாவது டிராகன் தெய்வம்

குணா புதுத் தெய்வத்தின் பெயரைச் சொன்னதும் எபினேசர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

"பிரின்சியம்மை," என்றான் குணா மறுபடியும். "வெள்ளை டிராகன். அஞ்சு தெய்வத்துக்கும் மேல இவதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் குணா வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை. கரண்ட் இல்லை. பாயில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குணா உருக்காலையில் ஃபிட்டர். பக்கத்தில் அவன் மனைவி நர்மதா. எதிரே ஜெரால்ட், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்காரன், பிரின்சியின் அண்ணன். நான்காவது ஆள் எபினேசர். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனி லேபில் கெமிஸ்ட். பிரின்சியின் கணவன். அவள் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஆட்டத்தின் உலகம் முழுக்க அவளுடையது. இரண்டு வருடம் ஞாயிறுதோறும் அவள் கதையை நடத்த, மற்ற நான்கு பேரும் உள்ளே ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடினார்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். டிராகன்களுக்காக அவள் எங்கேயும் அலையவில்லை. வேலைக்குப் போகிற ரயில் ஜன்னலில் பார்த்ததையெல்லாம் டிராகனாக்கினாள். சுடுசாம்பலில் முட்டையிடும் குருட்டுச் சாம்பல் டிராகன். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் ஏரி டிராகன். கண்ணாடிச் செதில் கொண்ட உப்பு டிராகன். உருகிய இரும்பைக் குடிக்கும் உலை டிராகன். பூட்டையும் வாளையும் தின்று வாழும் துரு டிராகன், பூனை அளவுதான் இருக்கும். இனத்துக்கு ஒரு தெய்வம். ஐந்தும் பொல்லாதவை. வேண்டுதலுக்கு மசியாதவை.

அவள் உலகத்தில் மந்திரப் பொருள் கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. ஏரி டிராகன் பல்லில் செய்த கத்தி எதையும் வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் வெட்டியவனுக்குத் தெரிந்த ஒரு பெயர் மறந்துபோகும். உப்புச் செதில் மோதிரம் ஆளை மறைக்கும். கழற்றிய பிறகு மூன்று நாள் தாகம் அடங்காது. எதையாவது பிடுங்கிக்கொள்ளாமல் எந்தப் பொருளும் எதையும் கொடுக்காது.

அதையெல்லாம் எழுதிய நீள நோட்டை எபினேசர்தான் போன மாதம் குணாவிடம் கொடுத்தான். வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நீ நடத்து என்றான்.

"நல்லா கீது குணா," என்றான் ஜெரால்ட். "என் தங்கச்சிய சாமியாக்கிட்ட."

"எங்க ஊட்டுல அப்படித்தான் ஜெரால்ட்டு. என் சித்தி சுமங்கலியா போச்சு. வருஷா வருஷம் புடவை, பூ வச்சி பூவாடைக்காரின்னு படைப்போம். ஊட்டக் காப்பாத்தும். அதான் இங்கயும் வச்சேன்."

"நாங்க வேதக்காரங்க," என்றான் எபினேசர்.

"ஆட்டத்துல இன்னாண்ணா வேதம்?" நர்மதா சிரித்தாள். "உங்க மருதன் போன மாசம் உலை டிராகன் தெய்வம் உலையப்பன் காலுல உழுந்து எழுந்திருக்கல? அப்ப பாஸ்டர் வந்து புடிச்சாரா?"

மருதன் என்பது ஆட்டத்தில் எபினேசரின் வேடம். பூட்டுடைப்பவன். எபினேசர் சிரிக்கவில்லை.

குணா தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை எடுத்தான். வெள்ளை டிராகன் மலையிலிருந்து இறங்கிவந்தது. மற்றவர்களை விட்டுவிட்டு மருதன் முன்னால் தலை தாழ்த்தியது. சிறகிலிருந்து ஒரு போர்வையை உருவி அவன் தோளில் போட்டது.

"இத போத்திக்கினு இருந்தா சாவு உன்னாண்ட வந்து திரும்பிப் போயிடும்."

"பதிலுக்கு என்ன எடுத்துக்கும்?"

"ஒன்னும் எடுத்துக்காது."

"அது எப்படி?"

"அவ அன்புக்குக் கொடுக்கறா, மச்சி. வாங்கிக்கோயேன்."

எபினேசரின் காது மடல் சூடாகியது. பிரின்சி அன்புக்கு எதையும் கொடுத்ததில்லை. ஆட்டத்தில் இதே குணாவின் ஆளை மூன்று தடவை கொன்றிருக்கிறாள். மூன்றாவது தடவை அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான். போகட்டும் என்று அவன் பங்கு பிரியாணியையும் அவளே தின்றாள். அந்தப் பெண்ணை இவன் பஞ்சு மிட்டாய் ஆக்கி வைத்திருக்கிறான்.

குணா நிறுத்தவில்லை. குரலை மெதுவாக்கினான். தெய்வம் பேசுகிறதாம்.

"மருதா, நீ அழுவாத. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்."

ஜெரால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நர்மதாவும்.

எபினேசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்கு மாதமாக இதே வார்த்தை. பாஸ்டர் சொன்னார். போலீஸ்காரர் சொன்னார். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தப்பு லாரிக்காரன்மேல்தான், உன்மேல் இல்லை. தச்சூர் கூட்டு ரோட்டில் லாரி பின்னால் வந்து பைக்கை இடித்தது உண்மை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் "எனக்கு ஹெல்மெட்?" என்று கேட்டதும் உண்மை. "பக்கத்துலதானே, ஏறு" என்றான். இருந்த ஒரே ஹெல்மெட் அவன் தலையில் இருந்தது. இதை அவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான், ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டவர்கள் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். ஒருவராவது செருப்பைக் கழற்றியிருக்கலாம்.

இப்போது குணா அதை அவள் வாயிலேயே போட்டுவிட்டான்.

"மருதன் போர்வைய கிழிக்கிறான்," என்றான் எபினேசர்.

"இன்னாடா?"

"கிழிச்சிப் போட்டுட்டு கத்திய எடுக்கறான். அந்த டிராகனை அடிக்கிறான்."

"மாப்ள!" என்றான் ஜெரால்ட். "என் தங்கச்சிடா அது!"

"இல்ல மச்சான். உங்க தங்கச்சிக்கு நாக்கு எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியாதா? இது வேற எவளோ."

"சும்மா பேஜாரு பண்ணாத," குணாவின் முகம் சிவந்தது. "ராத்திரில்லாம் முழிச்சிக்கினு எழுதினேன் உனக்காக. அவள அடிக்கலாம் முடியாது. அவளுக்குச் சாவு இல்ல."

"நர்மதா, அந்த நோட்டை எடு. முதல் பக்கம். படி."

நர்மதா தயங்கியபடி எடுத்தாள். பிரின்சியின் கையெழுத்து, கோட்டை மிதித்து மிதித்து ஓடியது. "கொல்ல முடியாத எதையும் இந்த உலகத்தில் வைக்கக் கூடாது. அடித்தால் திருப்பி அடிக்கும். ஆடுகிறவர் முகத்தைப் பார்த்து எதையும் மாற்றக் கூடாது." படித்துவிட்டு நர்மதா புருஷனைப் பார்த்தாள். "அவரு சொல்றது சரிதாங்க. ரூல் கீது."

எபினேசர் பகடையை உருட்டினான். தெய்வத்தை அடிக்கப் பத்தொன்பதுக்குக் குறையாமல் விழ வேண்டும். ஏழு விழுந்தது.

"படல," என்றான் குணா. மூச்சு விட்டான். "சரி, உட்டுடு. அவ உன்னப் பாத்து சிரிக்கிறா. அப்பால—"

"சிரிக்க மாட்டா. அவ முறை. அடி."

"எபி…"

"அடிடா!" அவன் கத்தியதில் தெருவில் யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு வருஷம் அவகூட ஆடினியே, ஒரு தடவையாவது உட்டுக்கொடுத்தாளா? அவ போனப்புறம் நீங்க எல்லாம் சேர்ந்து எனக்கு உட்டுக்கொடுக்கறீங்க. யாருடா உங்களைக் கேட்டது? நான் ஹெல்மெட் மாட்டிக்கினு உக்காந்திருந்தேன். அவ வெறுந்தலையோட உக்காந்திருந்தா. அதுக்கு அவ என்ன செய்வாளோ அதைச் செய்!"

ஜெரால்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன்தான் பகடையை எடுத்துக் குணாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"போடு," என்றான்.

குணா போட்டான். பதினாறு. மருதனை அடிக்கத் தெய்வத்துக்கு மூன்று விழுந்திருந்தாலே போதும்.

சாவைப் பிரின்சி நீட்டிச் சொல்லமாட்டாள். ஒரே வரி. அதற்குள் அடுத்த ஆளைப் பார்த்து "நீ என்ன பண்ற?" என்று கேட்டுவிடுவாள். குணா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான்.

"அவ வாலு உன் தலையில பட்டுது," என்றான் கடைசியில். "மருதன் செத்துட்டான்."

எபினேசர் தலையை ஆட்டினான். மருதனின் விவரம் எழுதிய தாளை நான்காகக் கிழித்துப் பாயின் ஓரத்தில் வைத்தான். நெஞ்சுக்குள் எதுவும் ஆறவில்லை. ஆனால் நான்கு மாதத்தில் முதல்தடவையாக ஒருவர் அவனிடம் சரியானதைச் சொல்லியிருந்தார்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடட்டுமா?" என்று கேட்டான் குணா. "பிரின்சியம்மைய எடுத்துடறேன்டா. தெரியாம பண்ணிட்டேன்."

"வேணாம். இருக்கட்டும்."

"அப்புறம்?"

"மன்னிச்சிட்டேன்னு எழுதி வச்சிருக்க இல்ல, அதை அடி. யாரையும் மன்னிக்க மாட்டாள்னு எழுது."

குணா ஜெரால்ட்டைப் பார்த்தான். ஜெரால்ட் பேனாவை நீட்டினான். குணா நோட்டை மடியில் வைத்து அந்த வரியை அடித்தான். மேலே புது வரியை எழுதினான். எழுதி முடிக்கும்வரை எபினேசர் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.