இன்னும் எரிகிற ஏழாம் நம்பர் பஸ்

மாப்பிள்ளை வேலை பார்க்கும் நாட்டைப் பற்றி மாமனாருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பஸ். நீல பஸ், நெற்றியில் ஏழாம் நம்பர், நடுத்தெருவில் நின்று திகுதிகுவென்று எரியும். அந்த நாட்டின் பெயர் எந்தச் செய்தியில் அடிபட்டாலும், அங்கே தக்காளி அமோக விளைச்சல் என்ற செய்தியாக இருந்தாலும்கூட, தொலைக்காட்சிக்காரர்கள் பின்னால் அந்த பஸ்ஸைத்தான் ஓடவிடுவார்கள். என்றைக்கோ ஒரு கலவரத்தில் எரிந்த வண்டி அது. அதன் இரும்பு காயலான் கடைக்குப் போய், உருகி, இந்நேரம் யார் வீட்டிலோ வாணலியாகி வடை பொரித்துக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் மட்டும் அணைந்தபாடில்லை.

மாப்பிள்ளைக்கு அந்த ஊர் பஸ் டிப்போவில்தான் வேலை. மெக்கானிக். ஏழாம் நம்பர் தடத்து வண்டிகளெல்லாம் அவன் கைபட்டுத்தான் வெளியே போகும். இதைப் பெருமையாகப் போனில் சொல்லிக் கெட்டான். "அந்த பஸ்ஸுக்கு அடியிலயா தினம் படுத்திருக்காரு உன் வீட்டுக்காரரு?" என்று மகளைக் கேட்டுவிட்டு, மாமனார் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

மாமனார் லேசுப்பட்ட ஆளில்லை. ஜெயிலில் தலைமை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கிவிட்ட மீசை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இவன் பிக்பாக்கெட், இவன் செயின் திருடன் என்று சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. அவர் பார்த்ததெல்லாம் ஏற்கெனவே தண்டனை வாங்கிக்கொண்டு வந்தவர்களைத்தான் என்பதால், கணிப்பு ஒருநாளும் தப்பியதில்லை.

அவர் வீட்டில்தான் மெக்கானிக்கின் மனைவியும் மகளும் நாலு வருஷமாக இருந்தார்கள். மெக்கானிக் இருக்கும் ஊரில் இரண்டு அறை வீடு பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தாயிற்று. மனைவியும் தயார்தான். "எனக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா அப்பா வாயால 'போயிட்டு வா'ன்னு சொல்லணும். அவரை அழவிட்டுட்டு வந்தா அங்க எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் அவனுக்குக் கோபப்படக்கூட வழியில்லை. மகளோ அப்பாவைப் போன் திரையில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். ஒருநாள் அம்மாவிடம், "அப்பாவுக்குக் கால் இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேட்ட அன்று அவன் டிப்போ குழியில், வண்டிக்கு அடியில் நின்று, ஆள் பார்க்காமல் அழுதான்.

கடைசியில் மாமனாரே முடிவெடுத்தார். "நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது."

விமான நிலையத்தில் அவர் வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்க வேண்டுமே. இடுப்பில் ரகசியப் பை, பெட்டியைச் சுற்றி சைக்கிள் செயின் பூட்டு, கழுத்தில் வார்டர் காலத்து விசில். மருமகனைப் பார்த்து நலம் விசாரிப்பதற்கு முன்னால், "பின்னால ஒருத்தன் நம்மளையே பாக்கிறான், திரும்பாதீங்க" என்றார். அந்த ஆள் டாக்ஸி வேண்டுமா என்று கேட்க வந்தவன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார். "கம்பி எங்க?"

"இங்க யாரும் கம்பி வைக்கிறதில்ல மாமா."

"ஏன், உள்ள வர்றவங்களுக்குச் சிரமமா இருக்கும்னா?"

அடுத்தடுத்த நாட்களில் மெக்கானிக் லீவு போட்டு அவரை ஊர் சுற்றிக் காட்டினான். பூங்கா காட்டினான், மகள் படிக்கப்போகும் பள்ளிக்கூடத்தைக் காட்டினான். எதைக் காட்டினாலும் மாமனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினார். யாராவது சிரித்தால் நோட்டம் விடுகிறான். சிரிக்காவிட்டால் கல் நெஞ்சக்காரன். கடையில் மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு கடைக்காரப் பெண் தெருமுனை வரைக்கும் மூச்சிரைக்க ஓடிவந்து கொடுத்தாள். மாமனார் குடையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்குக் குடையைக் குடுத்து நம்ப வைப்பா. நாளைக்கு வீட்டையே துடைச்சிடுவாங்க. நான் பாக்காததா?"

எல்லாவற்றையும்விட அவரை உறுத்தியது எதிர்க் கட்டடத்துத் தபால்காரம்மா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் காலையில் டீக் கோப்பையோடு தன் ஜன்னலில் நின்று இந்தக் கட்டடத்தை ஒவ்வொரு மாடியாகப் பார்ப்பாள். காரணம் இருந்தது. இரண்டு கட்டடத்திலும் தனியாக இருக்கும் வயதானவர்கள் அதிகம். ஒரு முறை ஒரு வாத்தியார் வீட்டுக்குள் விழுந்து கிடந்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அதிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் எழுந்ததும் எல்லோரும் ஜன்னல் திரையைத் திறந்துவிட வேண்டும். வெயில் ஏறியும் எந்த வீட்டிலாவது திரை மூடியிருந்தால், தபால்காரம்மா சொல்லி அனுப்புவாள், பக்கத்து வீட்டார் போய்க் கதவைத் தட்டுவார்கள். மெக்கானிக்கும் எழுந்ததும் முதல் வேலையாகத் திரையைத் திறந்துவிட்டுத்தான் டிப்போவுக்குப் போவான்.

"அந்தம்மா நம்ம ஜன்னலையே பாக்குது மாப்பிள்ளை."

"அவங்க எல்லா ஜன்னலையும் பாப்பாங்க மாமா. அது என்னன்னா..."

"அதைத்தான் நானும் சொல்றேன். மொத்தக் கட்டடத்தையும் வேவு பாக்குது. இந்தக் கூட்டத்துக்குத் தலைவியே அவதான்."

மாமனாரிடம் பாதி வாக்கியத்துக்கு மேல் பேசி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. அன்றைக்குச் சாப்பிட்டு எழும்போது மாமனார் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "நீங்க தங்கமான பிள்ளை. ஆனா இந்த ஊருக்கு என் பொண்ணையும் பேத்தியையும் அனுப்ப மாட்டேன். ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிடறேன்." மெக்கானிக்குக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

சனிக்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு, மாமனார் திரையை இழுத்து மூடி, காற்றுக்குக்கூட விலகாதபடி துணி உலர்த்தும் கிளிப்புகளைக் குத்தினார். நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். வேவுக்காரிக்கு இன்றைக்கு ஒன்றும் தெரியாது.

மெக்கானிக் குழிக்குள் நின்று ஏழாம் நம்பர் வண்டிக்குப் புது பிரேக் பூட்டி முடித்தான். போன் அடித்தது.

"மாப்பிள்ளை," மாமனாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வந்துட்டாங்க."

"யாரு மாமா?"

"மொத்தக் கூட்டமும். கதவைத் தட்டுறாங்க. அந்தத் தலைவியும் நிக்கிறா. ஒருத்தன் கையில கடப்பாரை. சோபாவைக் கதவுக்கு முட்டுக் குடுத்து, அது மேல மேசையை ஏத்திட்டேன். நீங்க வராதீங்க. நீங்களாவது தப்பிச்சுக்குங்க. என் பொண்ணுக்கும் போன் பண்ணி, பேத்தியை நல்லபடியா வளர்க்கச் சொல்லிட்டேன்." அதற்குப் பின்னால் விசில் சத்தம் காதைக் கிழித்தது.

மெக்கானிக்குக்குக் கிளிப்பும் தெரியாது, திரையும் தெரியாது. ஆனாலும் 'தலைவி' என்றதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. குழியிலிருந்து ஏறி ஓடினான். ஃபோர்மேன் அவன் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா, பேய் அறைஞ்ச மாதிரி வர்ற?" பதிலை முழுக்கக் கேட்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. பிரேக் போட்ட வண்டியைச் சோதித்துப் பார்க்க எப்படியும் ஒரு சுற்று ஓட்டியாக வேண்டும். "ஏறு" என்றார். அவரே ஓட்ட, பயணிகள் இல்லாத ஏழாம் நம்பர் பஸ் டிப்போ வாசலைத் தாண்டிப் பறந்தது.

மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி மேலே போனால், அவன் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். பக்கத்து வீட்டுத் தச்சன் கடப்பாரையோடு, கீழ்வீட்டு நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு, தபால்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு. உள்ளே விசில் நிற்காமல் அலறியது. "உள்ள யாரோ உயிருக்குப் போராடுறாங்க, உடைச்சிடவா?" என்றான் தச்சன்.

"மாமா! நான்தான். கதவைத் திறங்க."

விசில் நின்றது. "மாப்பிள்ளை, உங்களைப் பிடிச்சு வச்சுப் பேசச் சொல்றாங்களா? ஆமான்னா ஒரு தடவை இருமுங்க."

மூன்று மாடி ஓடி வந்தவனுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்து தொலைத்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. உள்ளே விசில் முன்னைவிடப் பலமாக ஊதியது. தச்சன் கடப்பாரையைக் கதவிடுக்கில் செருகினான்.

அப்போதுதான் மெக்கானிக்குக்குப் பொறுமை போயிற்று. மாமனாரிடம் குரல் உயர்த்தியதே இல்லாதவன் இரண்டு கையாலும் கதவில் அடித்தான். "போதும் மாமா! ஒரு டிவிப் பெட்டிக்குப் பயந்து நாலு வருஷமா என் பிள்ளையை என்கிட்ட விடாம வச்சிருக்கீங்க! அவ என் காலைக்கூடப் பாத்ததில்ல! நான் காய்ச்சல்ல கிடந்தப்ப இந்தக் கடப்பாரைக்காரன்தான் என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நீங்க பயந்து ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறது இவங்களுக்கா? திறங்க!"

உள்ளே விசில் நின்றது. பிறகு மேசை இறங்கும் ஓசை, சோபா இழுபடும் ஓசை. கதவு திறந்தது. ஒரு கையில் பூரிக்கட்டை, கழுத்தில் விசில், வியர்வையில் தொங்கிப்போன மீசை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களை உள்ளே வைத்துப் பூட்டியவர், தன்னையே பூட்டிக்கொண்டு நின்றார்.

நர்ஸ் அவர் கையிலிருந்த பூரிக்கட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே கையைப் பிடித்து நாடி பார்த்தாள். தச்சன் அவரைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தான். தபால்காரம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கின் பக்கம் திரும்பி முகம் சிவக்க ஏதோ கேட்டாள். அவன் தலை குனிந்தான்.

"என்ன கேக்குது அந்தம்மா?" மாமனாரின் வார்டர் மூளை விழித்துக்கொண்டது. "மறைக்காம சொல்லுங்க."

"வேண்டாம் மாமா."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க!"

"உங்களை நான்தான் பூட்டி வச்சேனான்னு கேக்கிறாங்க. நம்ம நாட்டுல வயசானவங்க பாரமாயிட்டா வீட்டுக்குள்ள அடைச்சுப் போட்டுடுவாங்களாமே, நிஜமா, டிவியில பாத்தேன்னு கேக்கிறாங்க."

மாமனார் துள்ளி எழுந்தார். மீசை மறுபடி நிமிர்ந்தது. "யாரு சொன்னது? எவனோ ஒருத்தன் பண்ணினதைக் காட்டினா, நாடே அப்படியா? எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா நீங்க? எங்க வீட்டுல ஒருவேளை சாப்பிட்டிருக்கீங்களா? இந்தப் பிள்ளை என்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறான். நேர்ல வந்து பாக்காம, டிவியைப் பாத்துட்டு ஒரு நாட்டைப் பத்திப் பேசலாமா? வாய் கூசாது?"

மெக்கானிக் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தபால்காரம்மா தலையாட்டி, "அது தப்புதான், மன்னிச்சுக்கோங்க" என்றாள். அதையும் சொன்னான்.

மாமனாரின் கண் தச்சனின் கடப்பாரைக்குப் போயிற்று, நர்ஸின் கருவிக்குப் போயிற்று, கிளிப் குத்திய திரைக்குப் போயிற்று. "இவங்க எதுக்கு வந்தாங்க மாப்பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். மெக்கானிக் திரை ஏற்பாட்டைச் சொன்னான். இந்த முறை மாமனார் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய், கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரையைத் திறந்துவிட்டார்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. சுற்று இன்னும் முடியவில்லை, வருகிறவர்கள் எல்லோரும் ஏறலாம் என்று ஃபோர்மேன் கையாட்டினார். எல்லோரும் கீழே இறங்கினார்கள். மாமனார் பஸ் படிக்கட்டில் கால் வைக்கும்போது வண்டியின் நெற்றியைப் பார்த்துத் தயங்கினார். நீலம். ஏழு. ஒரு நிமிஷம் மீசையைத் தடவிவிட்டு, ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நர்ஸும், தபால்காரம்மாவும், இன்னும் கடப்பாரையைக் கீழே வைக்காத தச்சனும்.

வண்டி கிளம்பியதும் அவருடைய போன் அடித்தது. திரையில் அழுது வீங்கிய முகத்தோடு மகள். "அப்பா! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? எத்தனை தடவை கூப்பிட்டேன்! இங்க டிவியில வேற அந்த பஸ் எரியுதுப்பா!"

"எந்த பஸ்ஸும்மா? ஏழாம் நம்பரா?" மாமனார் எழுந்து, போனைத் தூக்கிப் பிடித்து, இருக்கை இருக்கையாகச் சுற்றிக் காட்டினார். "நல்லாப் பாரு. அந்த பஸ்லதான் போயிக்கிட்டு இருக்கேன். புது பிரேக், உன் வீட்டுக்காரர் போட்டது. இவங்கல்லாம் என்னைக் காப்பாத்த வந்தவங்க." எல்லோரும் கையாட்டினார்கள். பிறகு போனைத் தாழ்த்தி, எண்ணெய்க் கறை படிந்த மருமகனின் பூட்ஸுக்கு நேரே பிடித்தார். "பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டு. அவ அப்பாவுக்கு ரெண்டு காலும் இருக்கு. மூணு மாடியை ஒரே ஓட்டமா ஏறி வந்த கால்."

"அப்போ நாங்க..." என்று மகள் இழுத்தாள்.

"போயிட்டு வாம்மா. முதல்ல அந்த டிவியை நிறுத்து. அப்புறம் பெட்டியைக் கட்டு."

மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றான். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவன் போட்ட பிரேக் திருப்பத்தில் பிசிறில்லாமல் பிடித்தது.