கடப்பாரையின் எடை

போரின் இரண்டாம் ஆண்டு முடிவில், ஆற்றங்கரை மருத்துவமனையின் தலைமை நர்ஸ் நானூற்றுப் பதினாறு கிலோ எடை இருந்தாள். ஆள் என்னவோ ஒடிசல்தான். ஐந்தடி உயரம், கையைத் தூக்கினால் கடிகாரம் முழங்கை வரை ஓடும், சீருடைக்குள் இன்னொருத்தியும் தாராளமாக நுழையலாம். ஆனால் அவள் நடந்தால் தரை ஓட்டில் விரிசல் விட்டது. மாவு மூட்டை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றிப் பார்த்தவர் பெரிய டாக்டர். முள் நின்ற இடத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். அன்றைக்கு எடுக்கவேண்டிய கால்கள் ஐந்து இருந்ததால் "சரி, இறங்கும்மா" என்று சொல்லிவிட்டு அறுவை அறைக்குப் போய்விட்டார்.

எடை ஏறியது இப்படித்தான். போர் தொடங்கிய முதல் மாதத்தில், எட்டாம் கட்டில்காரனுக்குக் கட்டுப் பிரிக்கும்போது அவள் கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு அவன் போர்வையில் விழுந்துவிட்டது. அவன் அதைப் பார்த்தான். நர்ஸே அழுகிறாள் என்றால் நம் கதை முடிந்தது என்று தானாகவே முடிவு கட்டினான். சாயங்காலத்துக்குள் மனைவிக்கு விடைபெறும் கடிதம் எழுதி, அவள் விரும்பினால் பக்கத்துத் தெருப் பால்காரனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்து, புது பூட்ஸை ஒன்பதாம் கட்டிலுக்குத் தானம் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான். சாவு வரவில்லை. மூன்று வாரத்தில் குணமாகி வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்தான். பால்காரன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

நர்ஸ் அன்றோடு அழுகையை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்பதைவிட விழுங்கினாள் என்பதே சரி. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள், குரலில் கரகரப்பு ஏற்றிக்கொண்டாள். முனகுகிறவனிடம் போய், "செத்தா முன்னாடியே சொல்லிடு, அந்தப் போர்வைக்கு ஆள் காத்திட்டிருக்கான்" என்பாள். முனகல் நின்றுவிடும். வார்டில் அவளுக்குக் கடப்பாரை என்று பெயர் விழுந்தது. நேரில் மட்டும் சிஸ்டர். அவள் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டால் முப்பத்திரண்டு பேரும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்குவார்கள். நம் இறுக்கம்தான் இவர்களை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. விழுங்கியதெல்லாம் உடம்பில் தங்கியது. சின்ன விம்மல் நூறு கிராம். கை போனவன் தன் கை எங்கே என்று கேட்டால் அரைக் கிலோ. அம்மாவுக்கு ஒருவன் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது அவன் பாதி வரியில் நின்றுபோனான். அன்று ஒரே பொழுதில் நான்கு கிலோ.

அவள் புருஷன் தச்சன். வாயில் ஆணியை வைத்துக்கொண்டே வாழ்கிற ஆள், அதனால் பேச்சு குறைவு. கட்டில் மூன்று முறை உடைந்தபோது தெருவில் அதற்கு வேறு காரணம் சொல்லிச் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருபடி மேலே போய் நேரிலேயே வாழ்த்துச் சொல்லிவிட்டாள். நாலாவது முறை தச்சன் கட்டிலே வேண்டாமென்று தரையில் பாயைப் போட்டான். வாசற்படிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்தான். மருத்துவமனைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் வார்டின் தரைக்கு அடியில் பன்னிரண்டு தூண் நட்டுவிட்டு வந்தான். ஒருநாள் மட்டும் ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏம்மா, வீட்லயாவது கொஞ்சம் அழேன். நான்தானே இருக்கேன்."

"வீட்ல பழகினா அங்கயும் வந்துடும். நீங்க உங்க வேலையப் பாருங்க."

அவன் ஆணியைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் ஆண்டு நடுவில் சண்டை ஊருக்குப் பக்கமாக வந்தது. மருத்துவமனையை அக்கரைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. பாலம் ஏற்கெனவே போய்விட்டது. இருந்தது கம்பி பிடித்து இழுக்கிற ஒரு தட்டைப் படகு. அதன் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு. கோடு தண்ணீருக்குள் போனால் படகைக் கிளப்பக் கூடாது. மருந்துப் பெட்டிகளோடும் எதிர்வீட்டுக்காரி உட்படத் தெரு ஆட்களோடும் தச்சன் முதல் நாளே அக்கரை போய்விட்டான், அங்கே கட்டில் அடிக்க. மற்ற வார்டுகளும் போயின. கடப்பாரையின் வார்டு கடைசி நடை. அதோடு ஆறு மணிக்குக் கம்பியை அறுத்துவிடுவார்கள்.

முப்பத்திரண்டு பேரையும் ஏற்றினார்கள். பெரிய டாக்டர் ஏறினார். கோடு தண்ணீருக்கு மேலே நாலு விரல் நின்றது. நர்ஸ் ஏறினாள். அப்போது அவள் ஐந்நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தாள். படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோலத் தாழ்ந்தது, கோட்டைக் காணோம்.

படகுக்காரன் எட்டிப் பார்த்தான். "பத்துப் பேர் எறங்கணும். இல்லாட்டி இந்தம்மா எறங்கணும். கோவிச்சுக்காதீங்க, தண்ணிக்கு மரியாதை தெரியாது."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இறங்கிக் கரையில் நின்று, கையை வீசி, "போங்க. நான் எப்படியாவது வந்து சேர்றேன்" என்றாள். எப்படியாவது என்று ஒரு வழி கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். கிழக்கே புகை தெரிந்தது.

"சிஸ்டர் வராம படகு நகராது" என்றான் பதினேழாம் கட்டில்காரன். ஒற்றைக் காலன், முன்பு பேருந்தில் கண்டக்டராக இருந்தவன், குரல் அப்படி.

"பதினேழு! வாய மூடு! தையல் பிரிஞ்சா நான் மறுபடி போடமாட்டேன்!"

வழக்கமாக இந்த அதட்டலுக்கு வார்டே ஒடுங்கும். இன்று ஒருவனும் அசையவில்லை. ஒருவன் கொட்டாவிகூட விட்டான்.

"சிஸ்டர், இனிமே மறைச்சு என்ன" என்றான் பதினேழு. "பயந்த மாதிரி நடுங்கி நடுங்கி எங்களுக்கு முதுகே போச்சு. புதுசா ஆள் வந்தா மொத நாளே சொல்லிடுவோம். கடப்பாரை வர்ற சத்தம் கேட்டா நல்லா நடுங்கணும்டா, இல்லாட்டி பாவம், அவங்க மனசு விட்டுப்போகும்னு. மூணாம் கட்டிலுக்கு நடுங்கவே வராது. அவனுக்குத் தனியா ஒத்திகை வெச்சோம்."

மூன்றாம் கட்டில்காரன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டரை வருஷமாக, தான் தாங்கிப் பிடித்திருப்பதாக அவள் நினைத்த வார்டு, படுத்த வாக்கில் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பாள். இவளுக்கு முதலில் வந்தது கோபம். முப்பத்திரண்டு பேரையும் வரிசையாகத் திட்டினாள். நோய்வாரியாக, குடும்பவாரியாக, ஒருவர் விடாமல். படகுக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தே கால்.

திட்டு தீர்ந்ததும் அவள் விடுவிடுவென்று படகில் ஏறினாள். கோடு மறுபடி முங்கியது.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. ஒரு தலை திரும்பினாலும் இன்னைக்கு வலி மருந்து கிடையாது. டாக்டர், உங்களுக்கும்தான்."

முப்பத்திரண்டு பேரும் தலையைத் திருப்பினார்கள். முடியாதவனைப் பக்கத்திலிருந்தவன் திருப்பிவிட்டான். கடப்பாரை ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அதையும் வேலை செய்வதுபோலத்தான் செய்தாள்: முறையாக, பழைய நாளிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவனுக்கும் அவனவன் பங்கு. நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு, "இருபத்தஞ்சு, திரும்பாதே" என்று அதட்டலும் போட்டாள். பாதி வரியில் நின்றுபோனவனுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. படகுக்காரன் பக்கவாட்டில் குனிந்து, கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பவன்போலச் சொல்லிக்கொண்டே வந்தான்: கோடு தெரியுது, ஒரு விரல், ரெண்டு விரல். கண்ணீர் என்னவோ ஒரு கைக்குட்டை அளவுதான். மிச்சமெல்லாம் எங்கே போனது என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மூன்று விரல் வந்ததும் கம்பியை இழுத்தான். அக்கரை சேர்ந்து ஐந்து நிமிஷம் கழித்துப் பின்னால் கம்பி அறுபட்டது.

மறுநாள் தராசில் அறுபத்தொன்று காட்டியது. "உன் உயரத்துக்கு நாற்பத்தாறு போதுமேம்மா, இன்னும் பதினைஞ்சு இருக்கே" என்றார் பெரிய டாக்டர்.

"இருக்கட்டும் டாக்டர். கொஞ்சம் கனம் இல்லாம அதட்ட முடியாது."

புது மருத்துவமனை ஒரு பழைய தானியக் கிடங்கில் நடந்தது. அங்கே வார்டு விதிகள் எழுதிய பலகையில் எச்சில் துப்பக் கூடாது என்பதற்கும் பார்வையாளர் நேரத்துக்கும் நடுவில் ஒரு வரி கூடியிருந்தது: மாலை நான்கு மணி முதல் நான்கு பத்து வரை அனைவரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவும். பார்வையிட வந்த மேலதிகாரி இது எதற்கு என்று கேட்டார். கழுத்துக்குப் பயிற்சி என்று முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு என்று எழுதிவிட்டுப் போனார். மற்ற நேரமெல்லாம் அவள் பழையபடி கத்தினாள்; அவர்களும் பழையபடி நடுங்கினார்கள். மூன்றாம் கட்டில்காரன் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தான். வீட்டில் தச்சன் ஒரு கட்டில் அடித்தான், அது நின்றது. எதிர்வீட்டுக்காரிக்கு அதிலும் ஒரு வருத்தம்.

குளிர் தொடங்கிய ஒரு நாள், நான்கு அடித்து ஒரு நிமிஷம் ஆனபோது பெரிய டாக்டர் வார்டு வாசலில் வந்து நின்றார். காலையில் அவர் அறுவை மேசையில் இரண்டு பேர் போயிருந்தார்கள். அவர் நின்ற இடத்தில் தரைப் பலகை லேசாக முனகியது.

"இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கா சிஸ்டர்?"

"கதவச் சாத்திட்டு வாங்க" என்றாள் கடப்பாரை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.