ஒரு மடக்கு

1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியின் டிரில் மாஸ்டர் சத்தியநேசன் காலை அணிவகுப்புக்கு விசிலை ஊதியபோது சத்தம் வரவில்லை; தண்ணீர் வந்தது. அதிகமில்லை, ஒரு மடக்கு. சட்டையின் முன்பக்கம் நனைந்தது. அவர் விசிலை உதறிப் பார்த்தார், கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், மறுபடி ஊதினார். மறுபடியும் ஒரு மடக்கு. காவலாளி சுடலையாண்டி கிட்டே வந்து, "என்ன சார்வாள், குழாயில நாலு நாளா வராதது ஒங்க விசில்ல வருதே!" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்து வர வேண்டுமா என்றும் கேட்டான். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளி மைதானத்துச் சுவரில் நீல எழுத்தில் ஒரு விதி இருந்தது: 'ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் தண்ணீர் கூடாது.' எழுதியவர் சத்தியநேசனுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர். அவருக்குச் சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். வெள்ளைக்காரருக்கு யார் சொன்னார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அவர்களைக் கேள்வி கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. அந்த விதிப்படி ஓடித்தான் சத்தியநேசன் மாவட்டக் கோப்பை வாங்கினார், நாக்கு வறளாமல். ஆனால் விதி எழுதப்பட்ட வெயில் வேறு. அப்போது விளையாட்டு விழா பொங்கல் கழிந்த வாரத்தில் நடந்தது. மைதானத்தின் மேற்கு ஓரம் பதினொரு வேம்பு நின்றது. வெயில் பங்குனியில் வந்து, ஆனிச் சாரல் விழுந்ததும் சொல்லிக்கொண்டு போய்விடும் விருந்தாளி. தொண்ணூறுகளில் அந்த விருந்தாளி மாசியிலேயே பெட்டி படுக்கையோடு இறங்கிவிட்டது, ஆடி முடிந்தும் கிளம்புகிற வழியைக் காணோம். வேம்புகளை வெட்டி, நன்கொடை கொடுத்தவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் பொறித்த விருந்தினர் மேடை ஒன்றைக் கட்டினார்கள். விதியை மட்டும் யாரும் தொடவில்லை. வருஷா வருஷம் புதுப் பெயிண்ட் அடித்தார்கள்.

1995இல் விழா ஏப்ரலுக்குப் போனது, சிறப்பு விருந்தினரான பெரிய அதிகாரிக்கு அந்தத் தேதிதான் தோது என்பதால். பிள்ளைகள் எட்டு மணிக்கே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அதிகாரி வழியில் அம்பாசமுத்திரத்தில் டிபன் சாப்பிட்டு, இரண்டு கட்டிடங்களைத் திறந்துவைத்துவிட்டுப் பதினொன்றே காலுக்கு வந்தார். வியர்வை சிந்தும் பிள்ளைகளே நாட்டின் சொத்து என்று முக்கால் மணி நேரம் பேசினார். இடையிடையே அவர் இளநீர் உறிஞ்சிய சத்தத்தை மைக் விடாமல் ஊருக்கு அறிவித்தது. அதற்குப் பிறகுதான் மாணவிகள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், ஐந்து சுற்று. ஹெப்சிபா ஒன்பதாம் வகுப்பு. பதினேழாம் எண்ணை அவள் அம்மாவே பனியனில் தைத்துக் கொடுத்திருந்தாள். மூன்றாம் சுற்றில் சத்தியநேசனைத் தாண்டும்போது அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"சார், ஒரு மடக்கு மட்டும் சார்."

"முடிச்சிட்டுக் குடி பிள்ள. நடுவுல குடிச்சா வயித்தப் புடிச்சிக்கிடும்."

தண்ணீர்ப் பானை அவரிடமிருந்து நாலு எட்டில், மூடி போட்டு, மேலே தம்ளர் கவிழ்த்தி இருந்தது. நாலாம் சுற்றில் அவள் கேட்கவில்லை. முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தோல் காய்ந்து செக்கச் செவேலென்று இருந்தது. சத்தியநேசன் பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியாரிடம், "பாத்தீயளா, வேர்க்காம ஓடுதா பிள்ள. பயிற்சில்லா!" என்றார். பிற்பாடு தூக்கம் வராத எல்லா மத்தியானங்களிலும் அவர் காதில் விழுந்தது இந்த வாக்கியம்தான். கடைசி வளைவில் அவள் தடத்தை விட்டு விலகி, மேற்கே, வேம்புகள் நின்ற இடத்துக்கு ஓடினாள். மரம் இல்லை, நிழலும் இல்லை. தடத்துக்குத் திரும்பச் சொல்லி அவர் விசிலை ஊதினார், நீளமாக, மூன்று தரம். அவள் அங்கேயே விழுந்தாள். ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து அதிகாரி கைதட்டினார். மேடை முழுக்கத் தட்டியது.

ஆஸ்பத்திரியில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் கோடுகளைத் தாண்டிப் போய் நின்றது. சாயங்காலம் பிள்ளை போய்விட்டாள். விசாரணைக் குழு கூடி, காலையில் சாப்பிடாமல் வந்ததே காரணம் என்று முடிவு செய்தது. அவள் நாலு தோசை தின்றுவிட்டுத்தான் போனாள் என்று அம்மா பாக்கியவதி சொன்னது, தோசைக்குச் சாட்சி இல்லாததால் பதிவாகவில்லை. சத்தியநேசன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டே வரி: 'தண்ணீர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.' தலைமையாசிரியர் தேவமணி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்கூல் பேரு என்னத்துக்கு ஆகும் வே? இத எழுதுனா மட்டும் பிள்ள எந்திரிச்சு வந்திருவாளா?" வாக்குமூலம் வேறொன்று டைப் அடிக்கப்பட்டது. ஹெப்சிபா பெயரில் ஒரு சுழற்கோப்பையும் அறிவித்தார்கள், அதே ஓட்டத்துக்கு, அதே உச்சி வேளைக்கு. கிழித்துப் போட்ட இரண்டு வரியைப் பாக்கியவதியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று சத்தியநேசன் அவள் குடியிருந்த சமாதானபுரத்துக்குப் பலமுறை சைக்கிளை மிதித்தார். சந்து முனையில் அவளுடைய தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரைக்கும் போவார். அதற்கு மேல் சைக்கிள் போகாது.

இப்படி இருக்கையில்தான் விசிலில் தண்ணீர் வந்தது. புது விசில் வாங்கினார், அதிலும் வந்தது. அதையே வேறு யார் ஊதினாலும் நல்ல பிள்ளையாகச் சத்தம் போட்டது. காற்றின் ஈரம் என்றார் விஞ்ஞான வாத்தியார். விசிலிலிருந்து தண்ணீர் வரவழைக்க முன்அனுமதி பெறப்பட்டதா என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதில் மூன்று நகல்களில் போனது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பதினைந்து நாளில் ஆச்சரியம் தீர்ந்து, ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் கையைக் குவித்து வரிசையில் நின்றார்கள். தலைக்கு ஒரு ஊதல். சத்தியநேசன் சுவரிலிருந்த விதியின் மேல் சுண்ணாம்பை அடித்தார். கேட்க ஒருவரும் வரவில்லை.

1997 ஏப்ரலில், கோப்பையைக் கொடுக்க வரச்சொன்ன அழைப்பை வாங்காமல் திருப்பியனுப்பிய பாக்கியவதி, விழாவுக்கு மறுநாள் தானாக வந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது சத்தியநேசன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"தண்ணி கேட்டா," என்றார். "நான் குடுக்கல."

"தெரியும் சார். கூட ஓடுன பிள்ளைக அன்னைக்கே சொல்லிட்டாளுவ. ஊதுங்க."

ஊதினார். அவள் குனிந்து குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "குளுந்துதான் இருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் மேற்கு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தைக்கத் துணி கொடுத்தவர்களிடம் இன்னொருமுறை அளவு கேட்கும் குரலில், கோபமே இல்லாமல் கேட்டாள்: "இத அன்னைக்கே குடுத்திருக்கலாம்லா, சார்?"

சத்தியநேசன் 1999இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுவைத்தார்கள். குழாய் ரிப்பேருக்கு விண்ணப்பிப்பதைப் பள்ளி நிறுத்திவிட்டது. வெயில் ஏறிய நாட்களில் வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை நிற்கும். ஆட்டோக்காரர்களும் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கொரு நாள் பாக்கியவதி வருவாள், கடைசியில் நிற்பாள், குடிப்பாள். அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர் அவர் ஒருவர்தான். ஊதுகிறவர் வாய்க்கு அது வராது. விசிலின் அமைப்பு அப்படி.