கதவில் ஒட்டப்பட்டது

மாலைக் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறவர்களுக்கு அந்த வருஷம் ஒரு கட்டுரை வைத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் கிடக்கும் பழைய நிலவரிக் கணக்குகளைப் பார்த்து, அவரவர் குடும்பத்தைப் பற்றியோ ஊரைப் பற்றியோ இருபது பக்கம் எழுத வேண்டும். ஜூன் வரை தவணை. பேராசிரியர் நாகசுப்பிரமணியன் ஆளுக்கொரு அனுமதிக் கடிதம் கொடுத்தார். நான் பகலில் பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் மதியம்வரை வர மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லி வைத்தேன். இது 2000, மார்ச் மாதம்.

எங்கள் வீடு அவனியாபுரத்துக்குத் தெற்கே, பாறையடியில் இருந்தது. முப்பது வீடுகள். எல்லாமே கல்லாங்குத்துப் புறம்போக்கு. பாறையும் சரளையுமாகக் கிடப்பதால் வெள்ளாமைக்கு ஆகாது என்று அரசாங்கம் வரி போடாமல் விட்ட நிலம். அந்த ஜனவரியில் அதிகாரிகள் வந்து வீடு வீடாக எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். இருபது வருஷம் தொடர்ச்சியாகக் குடியிருப்பதைக் காட்டினால் மனைப்பட்டாவுக்குப் பரிந்துரை செய்வார்கள். காட்ட முடியாவிட்டால் காலி செய்ய வேண்டும். மே மாதக் கடைசியில் ஜமாபந்தி நடக்கும்போது மனுவைக் கொடுத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கிராமக் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்துத் தணிக்கை செய்கிற நாட்கள் அவை.

எங்களிடம் இருந்த மிகப் பழைய காகிதம் 1993இல் கரண்ட் இழுத்தபோது கொடுத்த ரசீது. ரேஷன் கார்டு அதற்கும் பிந்தியது. அப்பா பெயர் உக்கிரபாண்டி. அவர் அந்த வீட்டில்தான் வளர்ந்தார். ஆனால் அதற்கு அவரைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

கட்டுரையையும் இந்த மனுவையும் நான் அப்போது சேர்த்து நினைக்கவில்லை. கட்டுரை மார்க்குக்காக, மனு வீட்டுக்காக. இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்திருந்தேன்.

ஆவண அறையில் சோணை என்கிற உதவியாளர் இருந்தார். துணியில் கட்டிய கட்டுகளைத் தூசி பறக்க மேசையில் போட்டுவிட்டு, கிழிக்காமல் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கணக்குகளில் ஆங்கில வருஷம் இல்லை; பசலி என்று இருக்கும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற வரி வருஷம் அது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய வருஷம் கிடைக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நம்பிக்கை வராமல் நோட்டின் உள் அட்டையில் ஒரு அட்டவணை போட்டு, இரண்டு தடவை சரிபார்த்தேன். அடுத்த பக்கத்தில் கட்டங்கள்: பசலி, சர்வே எண், பட்டாதார் பெயர், பயிர், தீர்வை, குறிப்பு.

ஆறு வாரம் எழுதினேன். எங்கள் ஊரின் ஒவ்வொரு வயலிலும் எந்த வருஷம் கம்பு விளைந்தது, எந்த வருஷம் பருத்தி போட்டார்கள், யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது, எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டு ஆட்கள் யாருமே அதில் இல்லை.

என்னோடு படித்த வித்யாஸ்ரீ நெசவுக் குடும்பம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். தன் முன்னோர்களுக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இருக்காது என்று அலுத்துக்கொண்டேதான் தேடப் போனாள். அவளுக்குக்கூட அரை ஏக்கர் புஞ்சை அகப்பட்டது. நூல் வியாபாரத்தில் வந்த காசில் ஒரு பாட்டனார் வாங்கி, நாலே வருஷத்தில் விற்றிருக்கிறார்.

"தறி ஓட்டுன எங்களுக்கே ஒரு புஞ்சை வந்துருச்சு. ஏர் ஓட்டுன உங்களுக்கு ஒரு வரப்புகூட இல்லையா?" என்று கேட்டாள்.

ஏர் எங்களுடையது, நிலம் அடுத்தவர்களுடையது என்று சொன்னேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் கட்டுரைக்கு ஊரின் பருத்தியைப் பற்றித்தான் எழுத முடியும் என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு கட்டிலும் என்னென்ன புத்தகம் பார்த்தேன் என்கிற பட்டியலைச் சரிபார்த்தேன். எல்லாக் கட்டிலும் ஒரே புத்தகம் மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். பி மெமோ பதிவேடு. புறம்போக்கில் இருக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் அபராதம் போட்டு அனுப்புகிற சீட்டுகளின் கணக்கு அது. முதல் நாளே அதைப் பார்த்து, 'இது வரி இல்லை, தண்டம்' என்று எழுதி ஒதுக்கியிருந்தேன். பட்டியலில் ஒரு வரிசை முழுக்க வெறுமையாக இருப்பது உறுத்தியது. இருக்கிற கட்டுகளுக்காவது நிரப்பிவிடலாம் என்று முதல் கட்டைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

பசலி 1362. அதாவது 1952. பத்தாவது வரியில் இருந்தது.

'நல்லகாமன் மனைவி ஒச்சாயி. கல்லாங்குத்தில் கூரை வீடு. இரண்டு சென்ட். வசூல்.'

நல்லகாமன் அப்பாவின் அப்பா. ஒச்சாயி அவருடைய மனைவி. அப்பாவுக்குப் பதிமூன்று வயதாக இருக்கும்போதே இறந்துபோனவர். அந்த வரியைச் சர்வே எண்ணோடு இரண்டு தடவை ஒப்பிட்டேன். வேறு ஒரு நல்லகாமனாக இருக்கலாம் என்று பயந்து, அடுத்த கட்டையும் பிரித்தேன். அதிலும் ஒச்சாயி. வருஷா வருஷம் தன் பெயரில் அபராதத்தைக் கட்டியிருக்கிறார். நாலாவது வருஷம் வீட்டோடு ஓர் ஆட்டுக் கொட்டில் சேர்ந்திருந்தது. பசலி 1371இல் பெயர் நல்லகாமன் என்று மாறி, குறிப்பும் மாறியது: 'வாங்க மறுத்ததால் சீட்டு கதவில் ஒட்டப்பட்டது.' அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா வருஷமும் அதே வாசகம். 1378இல் கூரை வீடு ஓட்டு வீடானது. 1384இலிருந்து அப்பாவின் பெயர். அப்போதும் வாங்க மறுத்ததால், கதவில்.

வரிக் கணக்கில் இல்லாத குடும்பம் தண்டக் கணக்கில் நாற்பத்தெட்டு வருஷம் இருந்தது.

அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. வீட்டிலும் உடனே சொல்லவில்லை. நான் தப்பாக வாசித்திருந்தால் வீட்டில் வீண் ஆசையைக் கிளப்பியது போலாகும். செவ்வாயன்று திரும்பப் போய் ஒவ்வொரு வரியையும் மறுபடி பார்த்தேன். அப்போதுதான், முதல் தடவை அவசரத்தில் தாண்டிப் போயிருந்த ஒன்று கண்ணில் பட்டது.

பசலி 1392. 'உக்கிரபாண்டி. வீடு காலி. ஆள் இல்லை.'

1982. கேட்கிறது இருபது வருஷத் தொடர்ச்சி. அதன் நடுவில் இந்த ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் உட்கார்ந்தேன். அம்மா தங்கப்பொண்ணு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் முத்துப்பாண்டி ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தவன், பேச்சு காதில் விழுந்ததும் ஈரக்கையோடு உள்ளே வந்தான்.

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். முதல் வரியில் விரலை வைத்து நெடுநேரம் வாசித்தார்.

"எங்காத்தா பேரையா எழுதியிருக்கு? எங்கப்பன் கட்டுன வீடுன்னுல்ல நான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

ஏன் பெண் பெயரில் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். தன் ஆத்தா தண்டம் கட்டியதே அவருக்குத் தெரியாது. சீட்டைக் கையில் வாங்கினால் திருட்டை ஒத்துக்கொண்ட மாதிரி என்று அவருடைய அப்பா சொல்லி வைத்திருந்ததால், இவரும் ஒரு நாளும் வாங்கியதில்லை.

அம்மா சிரித்தார். "தலையாரி தெருமுனையில வரும்போதே இவுக பின்பக்கமா ஓடிருவாக. ஆம்பள இல்லைன்னு நான் சொல்லுவேன். அவரு பசைச் சட்டியோட நின்னு ஒட்டிட்டுப் போவாரு. அந்தத் தலை மறைஞ்சதும் தண்ணிய ஊத்திக் கிழிச்சுப்புடுவேன். அம்புட்டையும் நான்தான் கிழிச்சேன்."

முத்துப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏ கனகு, நீ படிக்கப் போனியா, நம்மளக் காட்டிக்குடுக்கப் போனியா? அம்பது வருசமா ஆக்கிரமிப்பு பண்ணிக்கிட்டு இருக்கோம்னு நாமளே எழுதிக் குடுத்தா மறுநாளு பொக்லைன் வந்து நிக்கும். கரண்ட் ரசீது போதும்."

கரண்ட் ரசீதில் ஏழு வருஷம்தான் இருக்கிறது என்றேன். பசலி 1392க்கான வரியைக் காட்டினேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுது என்றான். அவர்கள் கையிலும் அதே புத்தகம்தான் இருக்கும் என்றேன். அப்படியானால் ஒன்றுமே எழுதாதே என்றான். அவன் சொல்வதும் சரியாக இருக்குமோ என்று எனக்குப் பட்டது. நான் எழுதிக் கொடுத்து வீடு போய்விட்டால் பாறையடியில் யார் முகத்தில் விழிப்பேன்?

அப்பாதான் அந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னார். மழை இல்லை. காட்டு வேலை இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் கொஞ்சமாவது வந்ததால் திருவாதவூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் எடுத்தார்கள். கதவை இழுத்துக் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போனோம். தைக்குப் பிறகு திரும்பி வந்தோம். நான் அப்போது நாலு வயதுப் பிள்ளை. எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் மாதம் வீணாக எழுதினேன் என்று நினைத்திருந்த பக்கங்களைப் புரட்டினேன். பசலி 1392இல் எங்கள் ஊரின் வயல்கள் அறுபத்திரண்டு. ஐம்பத்தேழுக்கு நேரே ஒரே குறிப்பு இருந்தது: 'பயிர் சாவி. தீர்வை தள்ளுபடி.' சாவி என்றால் காய்ந்து பதராய்ப் போனது. பட்டா வைத்திருந்தவர்களுக்கே அந்த வருஷம் வரி கட்ட விளைச்சல் இல்லை. கூலிக்குப் போகிறவர்கள் எதைத் தின்றுகொண்டு ஊரில் இருந்திருப்பார்கள்?

இதை நோட்டைப் பார்த்தே வாசித்துக் காட்டினேன். அண்ணன் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தான். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "எல்லாத்தையும் எழுது, ஆத்தா. அந்தக் காலி வருசத்தையும் எழுது. மறைச்சு மறைச்சு என்ன கண்டோம்" என்றார்.

எழுதினேன். ஒரே தாள். இடது பக்கம் பி மெமோவில் எங்களைப் பற்றி எழுதியிருப்பது, வலது பக்கம் அதே பசலியில் ஊரின் பயிரும் தீர்வையும். மூன்று வருஷத்துக் கட்டுகள் கரையான் அரித்துக் கிடைக்கவில்லை. அதையும் அடியில் குறித்தேன். கடையில் டைப் அடித்தபோது இரண்டு இடத்தில் பசலி எண் மாறிவிட்டது. கிழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன்.

ஜமாபந்தி அன்று தாலுகா அலுவலக வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்குப் போனோம். எங்கள் ஊரைக் கூப்பிடும்போது மூன்று. அண்ணனும் வந்தான். சவாரியை விட்டுவிட்டு வந்ததாக வழியெல்லாம் முனகினான். அதிகாரி தாளை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டைக் கேட்டு, என் தாளில் நாலைந்து இடத்தில் விரலை வைத்து ஒப்பிட்டார்.

"பி மெமோவ மறைக்கத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க அதையே கொண்டு வந்திருக்கீங்க" என்றார். அப்பாவிடம், வருஷா வருஷம் சீட்டை ஏன் வாங்கவில்லை என்று கேட்டார்.

"வாங்குனா போகச் சொல்லுவீகன்னு பயம்யா" என்றார் அப்பா. "வாங்கவும் இல்ல. போகவும் இல்ல."

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. 1392க்கு வந்தார். ஆள் இல்லை என்று இருக்கிறதே என்றார். அப்பா திருவாதவூரைச் சொன்னார். அதிகாரி என் வலது பக்கக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த வருஷத்து அடங்கலை எடுக்கச் சொன்னார். அந்தப் பயிர்க் கணக்கைத் தேடி எடுக்க நேரமானது. வந்ததும் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஊருக்கே தீர்வையைத் தள்ளிவிட்டிருக்கு. இவங்க எங்கேயாவது போய்த்தான் பிழைச்சிருப்பாங்க" என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னார். "மத்த வருஷம் எல்லாம் கதவில் ஒட்டியிருக்கு. கதவு இல்லாமல் எதில் ஒட்டுவாங்க?"

மனுவின் ஓரத்தில் எழுதினார்: 'நேரில் விசாரித்து, அளந்து, பட்டாவுக்குப் பரிந்துரையுடன் அனுப்பவும்.' இது பட்டா இல்லை, இன்னும் இரண்டு மேசை தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அதைத்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணன் என்னை வாயை மூடச் சொன்னான்.

அந்த வாரமே பாறையடியிலிருந்து ஏழு வீட்டுக்காரர்கள் வந்து, தங்கள் பெயர் அந்தத் தண்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகலாம் என்று சொல்லித்தான் பெயர்களை எழுதிக்கொண்டேன். கட்டுரைக்கு ஜூன் போதாது என்று பேராசிரியரிடம் தவணை கேட்டேன். கொடுத்தார்.

ஜூன் மூன்றாவது வாரம் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஒரு முனையை அவருடைய ஆள் பிடித்தான். மறுமுனைக்கு ஆள் இல்லை என்றதும் முத்துப்பாண்டி வாங்கிக்கொண்டான். சுவரை ஒட்டி முன்பக்கம் அளந்தார்கள், பக்கவாட்டில் அளந்தார்கள். பின்பக்கம் வந்தபோது சர்வேயர், வீட்டோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். ஆட்டுக் கொட்டிலையும் சேர்த்தால் ஆக்கிரமிப்பு அரை சென்ட் கூடும். பட்டா வரும்வரை தண்டமும் அதற்குத் தகுந்தபடி கூடும்.

முத்துப்பாண்டி சங்கிலியை விடவில்லை. கொட்டிலின் கடைசிக் கல்வரை இழுத்துக்கொண்டு போய் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கூடட்டும் சார். எழுதுங்க. இம்புட்டும் எங்களதுதான்."