சக்காராவுக்குப் போன ரொட்டி

ஈரத்துணி போட்டு மூடியிருந்தும் சோம்பு வாசனை கூடையை விட்டு வெளியே வந்துகொண்டேதான் இருந்தது. தஹானி கூடையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஷுப்ரா அல்கைமாவில் அவள் வேலை பார்க்கும் தையற்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் பஸ்ஸில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. தையற்கூடத்தை மேற்பார்வை பார்க்கும் இனாயத் அக்கா ஏற்பாடு செய்த ஒருநாள் பயணம் இது. சக்காரா பாலைவனத்தில் ராஜாக்கள் காலத்துக் கோயிலையும் கல்லறைகளையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். பின் சீட்டில் கஞ்சிரா தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

மற்றவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். தஹானி ரொட்டி கொடுக்கப் போனாள். அது யாருக்கும் தெரியாது.

இறந்தவர்கள் பேரில் கல்லறையில் ஷுரைக் ரொட்டி பங்கிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கொடுக்கிறவர் பெயரைச் சொல்வார். வாங்குகிறவர் அந்தப் பெயருக்கு ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுத் தின்பார். தஹானியின் தம்பி ஹமாதாவுக்கு மட்டும் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. அவன் இத்தாலிக்கென்று படகேறினான். படகு கவிழ்ந்த செய்தி வந்தது. அவன் வரவில்லை, உடலும் வரவில்லை. எங்கேயாவது கரை சேர்ந்திருப்பான், ஃபோன் தொலைந்திருக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வருடங்கள் போனதே தவிர அவள் சொல்வது நிற்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் சட்டையைத் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டுவாள். அந்த வீட்டில் அவன் பேரில் ரொட்டி சுட்டால் அவனைக் கொன்றதாகிவிடும். குடும்பக் கல்லறைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. யாருக்கு இந்த ரொட்டி என்று காவல்காரன் கேட்பான், பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

தஹானிக்கு இதில் அழுகையைவிடப் பெரிதாக ஒரு கேள்வி இருந்தது. மண்ணுக்குள் இருப்பவருக்குப் போய்ச் சேரும் ரொட்டி, தண்ணீருக்குள் இருப்பவனுக்கும் போய்ச் சேருமா? சேருமென்றால் எந்த வழியாக? கேட்டால் யாருக்காகக் கேட்கிறாய் என்பார்கள் என்று பயந்து யாரிடமும் கேட்கவில்லை. சக்காரா பயணம் என்று இனாயத் அக்கா சொன்னபோதுதான் அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு பெரிய கல்லறைக்காடு வேறெங்கே இருக்கிறது? அங்கே கழுதைக்காரர்கள் இருப்பார்கள், காவலர்கள் இருப்பார்கள். ஹமாதா யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ரொட்டி எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, பஸ்ஸில் சாப்பிட என்று சொல்லியிருந்தாள்.

அந்தப் பொய் பலித்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்திருந்த கடை பூட்டிக் கிடந்தது. ரிங் ரோட்டில் தக்காளி லாரி ஒன்று கவிழ்ந்து வண்டிகள் நகராமல் நின்றன. பசியில் கஞ்சிராவும் ஓய்ந்துபோனது. காஜா தைக்கும் ஷுக்ரிய்யா, அந்தத் தையற்கூடத்திலேயே பெரிய வாய்க்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"யாருடி சோம்பு போட்டுச் சுட்டது? மோந்தே எனக்குப் பாதி வயிறு ரொம்பிடுச்சு. மீதியையும் ரொப்பிவிடு தாயி."

தஹானி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் வாயை மூடிக்கொள்வதற்குள் கூடை மடியை விட்டுப் போய்விட்டது. சீட்டுக்குச் சீட்டு தாவியது. டிரைவர் ரெண்டு எடுத்தார். இவளைக் கட்டப்போகிறவன் குடுத்துவைத்தவன் என்று யாரோ சொல்ல, அவன் பஸ் ஏறி வருவதற்குள் நாம் தின்றுவிட்டோமே என்று இன்னொருத்தி சிரித்தாள். ஒருவரும் ஃபாத்திஹா ஓதவில்லை. கூடை திரும்பி வந்தபோது துணியில் உதிர்ந்த வெள்ளை எள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹமாதா எப்போதும் எள்ளைத்தான் முதலில் நக்கித் தின்பான். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சக்காராவில் லுப்னா என்ற இளம்பெண் அவர்களுக்கு வழிகாட்டினாள். கல்தூண்கள் நின்ற கோயில் வாசலைக் கடந்து, வெயில் கொளுத்தும் முற்றத்தைக் கடந்து, ராஜாவின் பெரிய அதிகாரி ஒருவருடைய கல்லறைக்குள் அழைத்துப்போனாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரெல்லாம் செதுக்கல். பெண்கள் ரொட்டி பிசைந்தார்கள், ஆண்கள் வாத்துக்கு வாயில் தீனி திணித்தார்கள், ஒருவன் கன்றுக்குட்டியை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தான்.

"இதோ பாரு, பொல்தி மீன். இதைப் பொரிக்கணும்," என்று ஷுக்ரிய்யா சுவரைக் காட்டினாள். "அந்தப் பக்கம் பூரி மீன். அதை அடுப்புல சுடணும். இவரு அதிகாரியா, நம்ம சந்தை மீன்காரரா?"

எல்லாரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். தஹானி நகரவில்லை. நாணல் படகுகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே கோடு கோடாகத் தண்ணீர், தண்ணீர் நிறைய மீன்கள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒரு முதலைகூட இருந்தது. மனிதர் யாராவது இருக்கிறாரா என்று அவள் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தேடிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. எல்லாரும் படகுக்கு மேலேதான் இருந்தார்கள்.

உள்ளறையில் சுவரோடு சுவராக ஒரு கதவு செதுக்கியிருந்தது. நிலை இருந்தது, படி இருந்தது, திறப்பு மட்டும் இல்லை. இறந்தவர் இந்தக் கதவு வழியாக வந்து, முன்னால் வைத்த ரொட்டியை எடுத்துக்கொள்வார் என்று நம்பினார்கள் என்றாள் லுப்னா.

"என் புருஷன் மாதிரிதான்," என்றாள் ஷுக்ரிய்யா. "தட்டு வெச்சாத்தான் அந்த ஆளும் கதவு வழியா வருவான்."

சிரிப்பு அடங்குவதற்குள் தஹானியின் குரல் கேட்டது. தையற்கூடத்தில் நூல் வேண்டுமென்றால்கூட கையைக் காட்டிக் கேட்கிறவள் அவள். எல்லாரும் திரும்பினார்கள்.

"ரொட்டி இல்லேன்னா?"

லுப்னாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போலிருந்தது. அதையும் அந்தக் காலத்து ஆட்கள் யோசித்திருக்கிறார்கள் என்றாள். அந்த வழியாகப் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சில கல்லறைகளில் எழுதி வைத்திருக்கிறார்களாம்: கையில் ஒன்றும் இல்லாவிட்டால் வாயால் சொல்லுங்கள், இவருக்கு ஆயிரம் ரொட்டி என்று. வாய்மூச்சு உங்களுக்குச் செலவில்லை, எங்களுக்குச் சாப்பாடு. பெயரைச் சொல்லிச் சொன்னால் போதும்.

"அவரு உடம்பு உள்ளே இருக்கா?"

"இல்லை. கல்பெட்டி காலியாத்தான் கிடைச்சுது. எந்தக் காலத்திலேயோ போயிடுச்சு."

"அப்போ நாம சொல்றது எங்கே போகும்?"

லுப்னா அந்தக் கல்கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "தெரியலை," என்றாள். "படிக்கிறப்போ நானும் இதைக் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னாங்க. எனக்கு எதுவும் சரியாப் படலை."

ஷுக்ரிய்யா தஹானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். டிரைவர் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து அவரும் ஓரமாகக் குந்தினார். தஹானி கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். கூடையில் ரொட்டி இல்லை. இனி வாய்தான் இருக்கிறது. இவர்களில் பாதிப் பேர் அம்மாவோடு ஒரே தெருவில் இருப்பவர்கள். சொல்லிவிட்டால் அப்புறம் அவன் தொலைந்தவன் இல்லை, இறந்தவன். அவள் தேநீர் ஆறும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில நீங்க தின்ன ரொட்டி," என்றாள். மறுபடி ஆரம்பித்தாள். "அது சும்மா ரொட்டி இல்லை. ஹமாதாவுக்குச் சுட்டது."

ஷுக்ரிய்யா உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்தாள், இன்னும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல.

"அடிப்பாவி, கூடையைப் பிடுங்கறப்பவே என் கையில ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா," என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

இனாயத் அக்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். ஒவ்வொருத்தியாகக் கைகளை விரித்தார்கள். ஹமாதாவின் பெயரைச் சொல்லி ஓதினார்கள். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகும் டிரைவரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ரெண்டு தின்றேனே, அதனால் இரண்டு தடவை என்றார்.

"அம்மாவுக்கு..." என்றாள் தஹானி.

"உங்கம்மா கேட்டா நாங்க தின்னது ரொட்டி," என்றாள் ஷுக்ரிய்யா. "நல்லா இருந்துச்சு, உப்புதான் கொஞ்சம் தூக்கல்னு சொல்லிடறேன். அதுக்கு மேல என் வாயிலேருந்து வராது. இந்த வாயிலேருந்தா, நம்பலாமான்னு பாக்கிறியா? நம்பு."

தஹானி சிரித்தாள். சிரித்தபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் மட்டும் கல்லறை வாசலுக்குத் திரும்பிப் போனாள். உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் தலையாட்டினார். பரவாயில்லை என்று வாசற்கல்லின் ஓரத்தில் குந்தி, பையிலிருந்து துணியை எடுத்து உதறினாள். எள் மணலில் விழுந்தது. மணலின் நிறமும் எள்ளின் நிறமும் ஒன்றாக இருந்ததால் எது எதுவென்று தெரியவில்லை. எழுந்திருக்கப் போனவள், ஒரு மணல் துகள் மட்டும் தானாக நகர்வதைப் பார்த்தாள். எறும்பு. தன்னைவிடப் பெரிய எள்ளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசற்கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்கும் தரைக்கும் நடுவே விரல்நகம் நுழையாத விரிசல் ஒன்று இருந்தது.

பஸ் ஹார்ன் அடித்தது. தஹானி, சீக்கிரம் வாடி என்று ஷுக்ரிய்யா கூப்பிட்டாள்.

எறும்பு விரிசலில் எள்ளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. பிறகு அதை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே போனது. தஹானி இரண்டு கைகளையும் மணலில் ஊன்றி, கன்னம் தரையில் படும்வரை குனிந்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று உள்ளே பார்த்தாள்.