பெருக்கல் குறி போட்ட பாட்டில்

எல்லாரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், இருமல்காரர்கள் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனசு ஆறாத கதை ஒன்று சொல்கிறேன்.

குளிர்பானக் கம்பெனி ஒன்றில், பாட்டில் கழுவும் கூடத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலிக் கண்ணாடி பாட்டில்கள் மெஷினில் குளித்துவிட்டு, வெள்ளை விளக்குக்கு முன்னால் வரிசையாக நகரும். விரிசல், அழுக்கு, உள்ளே ஒட்டிய ஈ, எதுவானாலும் பொறுக்கித் தள்ளுவது அவள் வேலை. கழுகுக்கண்ணி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

'பிளாஸ்டிக்கை விட்டோம், ஒரே பாட்டிலை முப்பது தடவை நிரப்புகிறோம்' என்று கம்பெனி தெருவுக்குத் தெரு பேனர் கட்டியிருந்தது. அதை முழுசாக நம்பிய ஆள் அவள் மாமியார். மாடி மாடியாக ஏறி இறங்கி, காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கி, அலசி, ஒவ்வொன்றின் அடியிலும் அரத்தால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறி, மருமகள் கையில் கொடுத்துவிடுவாள்.

"ஊரெல்லாம் சுத்திட்டு ஒண்ணாவது நம்ம வீட்டுக்கே வரும் பாருடி."

"உங்க புள்ளையே போன இடத்துலேர்ந்து இன்னும் வந்தபாடில்ல அத்தை. பாட்டில் வரப்போகுதாக்கும்!"

"அவன் உதவாக்கரை. பாட்டில் அப்படியில்ல."

புருஷன் போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படியிருக்க, ஒருநாள் கழுவும் மெஷின் பழுதாகி நின்றது. இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று மூன்று மாதம் ஓடியது. திரும்பி வந்த பாட்டில்கள் கம்பெனிக் கொல்லைப்புறத்தில் பெட்டி பெட்டியாக மழையில் நனைந்தன. கடைக்குப் போனதெல்லாம் புதுப் பாட்டில்.

அந்தச் சமயம் பார்த்து, பழைய பாட்டிலையே திரும்ப நிரப்புகிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் புதுப் பாட்டில்களையும் உப்புத்தாளையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

"இதையெல்லாம் கொஞ்சம் பழசாக்கணும்மா."

"புதுசையா சார்?"

"மெஷின் ஓடலன்னு தெரிஞ்சா சான்றிதழ் கெடைக்காது. அது கெடைக்கலன்னா இந்தக் கூடத்துக்கே பூட்டு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பெண்கள் உட்கார்ந்து தேய்த்தார்கள். பாட்டிலின் நடுவயிற்றில் தேய்த்தார்கள். அவளுக்குக் கண் பொறுக்கவில்லை.

"அடியே, அங்க தேய்க்காத! பாட்டிலும் பாட்டிலும் இடிச்சுக்கறது தோள்லயும் அடியிலயும்தான். அங்கதான் வெள்ளையா வளையம் விழும். இங்க கொண்டா."

அவள் தேய்த்துக் காட்டியதைப் பார்த்து லேபிள் ஒட்டுகிறவள் வாயைப் பிளந்தாள்.

"அக்கா, நீ கள்ளநோட்டு அடிக்கப் போயிருந்தா இந்நேரம் மாளிகை கட்டியிருப்ப!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

சோதிக்க வந்தவர்களில் ஓர் அம்மாள் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது எத்தனை சுத்து வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"பதினேழு இருக்கும் மேடம்" என்றாள் இவள், கண்ணைக்கூட இமைக்காமல்.

சான்றிதழ் வந்தது. மறுநாள் கொல்லைப்புறத்தில் ஒரே சடசடப்பு. போய்ப் பார்த்தால், மழையில் நனைந்த பெட்டிகளை லாரிக்குள் கவிழ்த்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலடியில் கிடந்த சில்லு ஒன்றைப் புரட்டினாள். பெருக்கல் குறி.

நேராக மேனேஜரிடம் போனாள். "சான்றிதழ்தான் வந்துடுச்சே சார். மெஷினைச் சரி பண்ணிடலாமே."

"இனிமே மெஷின் எதுக்கும்மா? நீங்க தேய்க்கறதே பிரமாதமா இருக்கே. அந்தப் பிரிவுக்கு நீதான் மேற்பார்வை."

வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது. தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மத்தியானம், ஒரு புதுப் பாட்டிலுக்குத் தோளிலும் அடியிலும் வளையம் போட்டாள். பிறகு யாரும் பார்க்காதபோது கருவிப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து, அடிப்பக்கத்தில் சின்னதாகக் கீறினாள். அதில் பானம் நிரப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாமியார் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பெருக்கல் குறி.

"வந்துடுச்சுடி! நான் சொன்னேன்ல? பாவம், எவ்வளவு அலைஞ்சிருக்கு பாரு, உடம்பெல்லாம் தேய்ஞ்சு..."

செருப்பைக்கூட மாட்டாமல் மாடி மாடியாக ஓடினாள், எல்லாருக்கும் காட்ட.

மறுநாள் காலையில் வாசலில் கால் வைக்க இடமில்லை. அதுவரை குப்பையில் போட்டவர்களும் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மாமியார் வேர்க்க விறுவிறுக்கக் குறி கீறிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட உடையாம கொண்டு போகணும், தெரிஞ்சுதா?"

"சரி அத்தை" என்றாள் கழுகுக்கண்ணி. இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, லாரி நிற்கும் கம்பெனிக் கொல்லைப்புறத்துக்குப் போனாள்.

உங்கள் வீட்டிலிருந்து போன பாட்டில் எதுவாவது திரும்பி வந்திருக்கிறதா? அடையாளம் வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், உள்ளதை உள்ளபடி எனக்கு எழுதுங்கள்.