பொட்டு வைக்காத படம்

தெப்ராவில் லெட்சுமணன் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களைவிட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான் அதிகம். எல்லாம் இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் படையினரின் கறுப்பு வெள்ளைப் படங்கள். விமானத்துக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்கள், ஒருவன் முகத்தில் இன்னொருவன் கரி பூசிவிடுகிற கூட்டாளிகள், குதிக்கப் போகும் நேரத்திலும் தேநீர்க் கோப்பையை விடாத ஒருவன். செனாய் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இந்தப் பைத்தியம். இத்தனைக்கும் மனிதர் விமானத்தில் கால் வைத்ததில்லை. ஏணியில் ஏறினாலே தலை சுற்றும்.

"மூஞ்சில கரி பூசிக்கிட்டவனையெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்க, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ஆணி இல்ல," என்று வாசுகி சிரிப்பாள். போன வருஷம் அவள் போனபின்தான் அவளுக்கும் ஓர் ஆணி அடித்தார். பெக்கான் நானாஸ் சாலையோரக் கடையில் அன்னாசிப்பழத்தைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிற கலர் படம். தேநீர்க்காரனுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அதன்பிறகு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. இணையத்தில் துழாவி, படத்தில் இருப்பவன் போரில் செத்தான் என்று தெரிந்தால், கண்ணாடியின் மேல் அவன் நெற்றியில் குங்குமம் வைத்துவிடுவார். பேச ஆளில்லாத வீட்டில் அதுவும் ஒரு வேலை. 'வெள்ளைக்காரனுக்குத் திவசம் கொடுக்கிறார்' என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்கள் வீட்டுக் குங்குமமா கரைகிறது!

முதல் வருஷத் திதிக்கு மகள் லோஷினி சிங்கப்பூரிலிருந்து வந்தாள். ஐயர் வருவதற்குள் வாசுகி படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட வேண்டும். கருமாதியன்று வைத்த பொட்டை மறுநாளே ஈரத் துணியால் துடைத்துவிட்டவர் லெட்சுமணன். மறுபடி வைப்பதைக் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

லோஷினி குங்குமச் சிமிழோடு சுவரைப் பார்த்தாள். "என்னப்பா இது? இத்தனை வெள்ளைக்காரங்களுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க, அம்மாவுக்கு மட்டும் வைக்கல?"

"அவங்கள்லாம் செத்துட்டாங்க லா," என்றார் சட்டென்று.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவர் அவசரமாகப் படத்தில் வாசுகியின் நெற்றியைக் காட்டினார். "உங்கம்மா ஏற்கெனவே பொட்டு வெச்சிருக்கா, பாரும்மா."

"அது அம்மா தானா வெச்சுக்கிட்டதுப்பா."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் முன்னால் அழுதே விட்டார். பிறகு சிமிழைத் தொட்டு, வாசுகி அன்று வைத்திருந்த பொட்டின் மேலேயே, ஓரம் பிசகாமல் குங்குமத்தை வைத்தார்.

தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஐயர் வந்து படத்துக்குக் கிட்டே உட்காரச் சொல்லிக் கூப்பிட்டும் அவர் தள்ளியே நின்றார்.